108 செ.மீ. மகன், 67 வயது மாமியார், ஒரே டிக்கெட் நாள்

கேள்வி: விழுப்புரத்திலிருந்து எழுதுகிறேன். போன மே மாதம் சென்னைப் பக்கம் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் குடும்பமாகக் காரில் போனோம். 5 வயது மகன் இரண்டாவது ராட்டினத்திலேயே வாந்தி எடுத்துவிட்டான். பெரிய ரைடுகளுக்கு உயரம் போதாது என்று திருப்பி அனுப்பியதால் நாள் முழுக்க அழுகை. சர்க்கரையும் பிபியும் உள்ள 67 வயது மாமியார் பைகளோடு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்து, மூன்று மணிக்கு எழுந்தபோது தலைசுற்றி விழப் பார்த்தார். கணவருக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம் உண்டு. மறுநாள் தலையைத் திருப்ப முடியவில்லை. 11 வயது மகள் மட்டும்தான் சந்தோஷமாக இருந்தாள். இந்த வருடமும் போகலாம் என்கிறார்கள். என்ன செய்தால் நல்லபடியாகப் போய் வரலாம்? மகன் இப்போது 108 செ.மீ. உயரம்.

பதில்: குடும்ப மருத்துவராக நான் வருடா வருடம் கோடை விடுமுறையின் திங்கட்கிழமைகளில் பார்ப்பதை நீங்கள் ஒரே கடிதத்தில் எழுதிவிட்டீர்கள். தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் டிக்கெட் காசு வீணாகக் கூடாது என்பதற்காக எல்லோரும் எல்லாவற்றிலும், ஒன்றாக, இடைவெளி விடாமல் ஏறுகிறோம். நீங்கள் எழுதிய தொல்லைகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் வருகின்றன. ஆறு ரைடு போதும் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள்.

முதலில் மகனின் வாந்தி. காதுக்குள்ளே மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு திரவம். தலை சுழன்றால் அந்தத் திரவத்தின் அசைவை வைத்துத்தான் மூளை சுழற்சியை அறிகிறது. டம்ளரில் காபியைக் கரண்டியால் சுழற்றிவிட்டு நிறுத்துங்கள். கரண்டி நின்றுவிடும், காபி சுற்றிக்கொண்டே இருக்கும். கப்-சாசர் ராட்டினம் நின்ற பிறகும் குழந்தையின் காதுக்குள் இதேதான் நடக்கிறது. 'நின்றுவிட்டோம்' என்கிறது கண். 'இன்னும் சுற்றுகிறோம்' என்கிறது காது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் பிறக்கிறது. இரண்டு வயதுக்குக் கீழே இது அபூர்வம். பள்ளிக்கூட வயதில்தான் அதிகம். உங்கள் மகன் பலவீனமான பிள்ளை இல்லை, அந்த வயதில் இருக்கிறான், அவ்வளவுதான்.

காரில் வந்து இறங்கும்போதே அவனுக்குப் பாதிக் குமட்டல் இருந்திருக்கும். வழியில் செல்போன் கொடுக்காதீர்கள், ஜன்னல் வழியாகத் தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிறும் வேண்டாம், பூரி கிழங்கும் வேண்டாம். கிளம்பும் முன் இரண்டு இட்லி போதும். பூங்காவுக்குள் நுழைந்த முதல் அரை மணி நேரம் நடக்கட்டும். சுற்றும் ராட்டினம் ஒன்று முடிந்தால், அடுத்த சுற்றும் ராட்டினத்துக்கு அரை மணி இடைவெளி விடுங்கள். நடுவில் குட்டி ரயிலில் ஏற்றலாம். சுற்றும்போது எதிரே இருக்கும் உங்கள் முகத்தையே பார்க்கச் சொல்லுங்கள், வெளியே ஓடும் காட்சியை அல்ல. இருக்கை அசையும் சினிமா அரங்கில் குமட்டினால் கண்ணை மூடிக்கொண்டால் போதும். பயண வாந்திக்கு மாத்திரை உண்டு. ஆனால் அது தூக்கத்தைத் தரும், அளவு எடையைப் பொறுத்தது. உங்கள் குழந்தை மருத்துவரைக் கேட்காமல் மருந்துக் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

உயர விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கெட்டியான செருப்பு போட்டு, குதிகாலைத் தூக்கி நிற்க வைத்து, ஊழியரோடு வாதாடி ஏற்றும் பெற்றோர் இருக்கிறார்கள். வேகமான ரைடுகள் பலவற்றில் 120 செ.மீ. என்று கோடு போட்டிருப்பார்கள், சிலவற்றில் 140. இது பயந்த குழந்தைகளுக்கான விதி அல்ல. மடியின் மேல் இறங்கும் இரும்புத் தடுப்பை நினைத்துப் பாருங்கள். இரண்டு பேருக்கு ஒரே தடுப்பு என்றால் அது பெரியவரின் தொடையில் முட்டி நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் குழந்தையின் மடிக்கும் தடுப்புக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும். வண்டி மேட்டைத் தாண்டி இறங்கும்போது உடம்பு இருக்கையை விட்டு எழும்பும். அந்த ஒரு சாண் வழியாகத்தான் குழந்தை நழுவுகிறது. நீங்கள் கையால் பிடித்து நிறுத்தக்கூடிய விசை அல்ல அது. அதனால் வீட்டிலேயே வெறுங்காலோடு அளந்து, கதவில் 108-க்கும் 120-க்கும் இரண்டு கோடு போட்டு அவனிடமே காட்டுங்கள். பூங்காவின் இணையதளத்தில் எந்த ரைடுக்கு என்ன உயரம் என்று பார்த்து, அவனால் ஏற முடிந்தவற்றை மட்டும் முன்கூட்டியே அவனுக்குச் சொல்லுங்கள். வரிசையில் அரை மணி நின்ற பிறகு மறுக்கப்படுவதால் வரும் அழுகை அது. வீட்டிலேயே தெரிந்திருந்தால் வராது.

கணவர் பெரிய ரோலர் கோஸ்டர், டேஷிங் கார் இரண்டையும் இந்த வருடம் விட்டுவிட வேண்டும். பலரும் டேஷிங் காரை விளையாட்டுச் சாமான் என்று நினைக்கிறார்கள். பின்னாலிருந்து எதிர்பாராமல் இடித்தால் தேய்ந்த கழுத்துக்கு அதுதான் கெடுதல். மகளோடு நீங்கள் ஏறுங்கள். ரோலர் கோஸ்டரில் இருவரும் முன்பக்கம் உட்காருங்கள். முதல் பெட்டி மேட்டைத் தாண்டும்போது ரயிலின் பெரும்பகுதி இன்னும் ஏறிக்கொண்டிருக்கும், வேகம் குறைவு. கடைசிப் பெட்டி தாண்டும்போது முன்னால் உள்ளவை அதை இழுத்து வீசும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக மருத்துவர் ஒருவரும் அவருடைய சக ஆய்வாளரும் சிறுநீரகத்தின் செயற்கை மாதிரிக்குள் சிறுநீரகக் கற்களை வைத்து, டிஸ்னி வேர்ல்டில் உள்ள ஒரு கோஸ்டரில் ஏற்றிப் பார்த்து 2016-ல் வெளியிட்டார்கள். பின் இருக்கையில் சுமார் 64 சதவீதக் கற்கள் நகர்ந்து வெளியேறின. முன் இருக்கையில் சுமார் 17 சதவீதம்தான். அதே ரயில், அதே தண்டவாளம். கல்லுக்கு அது வைத்தியமா என்பது வேறு பேச்சு. பின் இருக்கை உடம்பை எவ்வளவு உலுக்குகிறது என்பதற்கு இதைவிட எளிய சாட்சி எனக்குத் தெரியாது.

யாராக இருந்தாலும், ரைடு முடிந்த சில நாட்களுக்குள் இதுவரை இல்லாத கடும் தலைவலி, கழுத்தின் ஒரு பக்கம் வலி, கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறல் என்று எது வந்தாலும் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. நேரே மருத்துவமனைதான்.

இனி உங்கள் மாமியார். அவரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. அவர் போன வருடம் பூங்காவுக்குப் போகவில்லை, பைக்குக் காவல் இருந்தார். பெரும்பாலான பூங்காக்களில் லாக்கர் வாடகைக்குக் கிடைக்கிறது. பைகளை அதில் வைத்துப் பூட்டுங்கள். அன்று தலைசுற்றியதற்கு இரண்டில் ஒன்று காரணமாக இருக்கலாம். பிபிக்குத் தரும் சில மாத்திரைகள் சிறுநீரை அதிகம் பிரிய வைப்பவை. வெயிலில் வியர்வையும் சேர்ந்தால் உடம்பில் நீர் குறைந்து, எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். கழிப்பறை தூரம் என்று அவர் தண்ணீரே குடிக்காமல் இருந்திருப்பார், கேட்டுப் பாருங்கள். இன்னொன்று தாழ் சர்க்கரை. கிளிமிபிரைடு போன்ற மாத்திரை போட்டுவிட்டு, குழந்தைகள் வரட்டும் என்று சாப்பாட்டை ஒத்திப்போட்டால் சர்க்கரை இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். போவதற்கு முன் அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வெளி உணவை அனுமதிக்காத பூங்காக்களிலும், சர்க்கரை நோயாளிக்கு என்று மருந்துச் சீட்டோடு முன்பே பேசிவைத்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். இன்சுலின் போடுபவர் என்றால் அதை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடக் கூடாது.

யாரும் யோசிக்காத ஒன்று அவருடைய பாதம். தண்ணீர்ப் பகுதியில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். மே மாத மதியத்தில் சிமெண்டுத் தரை சுடும். நமக்குச் சுடும், துள்ளிவிடுவோம். நாள்பட்ட சர்க்கரையில் பாதம் மரத்துப் போனவருக்குத் தெரியாது. மாலையில் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும், அந்தக் கொப்புளம் மாதக்கணக்கில் ஆறாத புண்ணாக மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். ஈரத்தில் போடக்கூடிய ரப்பர் காலணி ஒன்று வாங்கிக் கொடுத்து, அனுமதி கேட்டுப் போடச் சொல்லுங்கள். அனுமதி இல்லையென்றால் அவர் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

ஆக, நாளை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். காலையில் கூட்டம் சேரும் முன் நீங்களும் மகளும் பெரிய ரைடுகள். அப்பாவும் பாட்டியும் பேரனோடு குட்டி ரயில், படகு, குதிரை ராட்டினம்; மெதுவான ஜெயன்ட் வீலில் பாட்டிக்கு ஆசை இருந்து, பிபி கட்டுக்குள் இருந்தால் அவரும் ஏறட்டும். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, பிறகு ஒரு மணி நேரம் நிழலில். இரண்டு மணிக்கு மேல் தண்ணீர் விளையாட்டு. குடிக்கத் தண்ணீரும் மோரும் போதும். ஓஆர்எஸ் தேவைப்பட்டால் பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், அரை பாட்டிலில் கரைத்தால் கெடுதல்.

தண்ணீரில் பருத்தி உடையை அனுமதிக்க மாட்டார்கள். அது நனைந்து கனக்கும். நைலான் உடையை ஊரிலேயே வாங்கிவிடுங்கள். கொலுசு, செயின் வீட்டில் இருக்கட்டும். இரண்டு வாரத்துக்குள் யாருக்காவது வயிற்றுப்போக்கு இருந்திருந்தால் அவர்கள் குளத்தில் இறங்கக் கூடாது. சில கிருமிகள் குளோரினிலும் பல நாள் உயிரோடு இருக்கும். அலைக் குளத்தில் மகன் எப்போதும் பெரியவர் ஒருவரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மூழ்கும் குழந்தை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. சத்தமில்லாமல் அரை நிமிடத்தில் போய்விடும். காற்றடைத்த வளையம் பொம்மை, பாதுகாப்பு அல்ல. 'எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்' என்பது யாருமே பார்க்கவில்லை என்பதுதான். அரை மணிக்கு ஒருவர் என்று முறை வைத்து, முறையில் இருப்பவர் செல்போனைத் தொடாமல் இருங்கள்.

நான்கரைக்குக் கரையேறிவிடுங்கள். விழுப்புரம் வரை ஓட்டப்போகிறவர் நாள் முழுக்க வெயிலில் நின்றவர். தலை துவட்டி, உடை மாற்றி, அரை மணி உட்கார்ந்து ஏதாவது சாப்பிட்ட பிறகே சாவியை எடுக்கட்டும். கண் செருகினால் மேல்மருவத்தூரிலோ திண்டிவனத்திலோ வண்டியை ஓரங்கட்டி இருபது நிமிடம் தூங்கச் சொல்லுங்கள். டீ மட்டும் போதாது.