நீந்துவதற்கு முன்னால் நிற்கப் பழகுங்கள்: நீச்சல் கேள்வி-பதில்

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இடுப்பளவுத் தண்ணீரில் நிற்க எனக்குப் பயமில்லை. முகத்தை உள்ளே வைத்த உடனே மூச்சு முட்டுகிறது. இனி எனக்கு நீச்சல் வருமா?

வரும். மூச்சு முட்டுவது காற்று தீர்ந்துபோனதால் அல்ல. இழுத்த மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறீர்கள், உடலில் கரியமில வாயு சேர்கிறது, அதுதான் அந்தத் தவிப்பைக் கிளப்புகிறது. குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முகத்தை உள்ளே வைத்து, மூக்கு வழியாக மெதுவாகக் காற்றை விடுங்கள். 'ம்ம்ம்' என்று முனகினாலே போதும். காற்று வெளியே வந்துகொண்டிருக்கும்வரை மூக்கில் தண்ணீர் ஏறாது. தலையைத் தூக்கியதும் வாயால் மூச்சை இழுத்துவிட்டு மறுபடி உள்ளே போங்கள். முதலில் வாய் மட்டும் நனையட்டும், அப்புறம் மூக்கு, அப்புறம் கண். அவசரமே வேண்டாம்.

இன்னொன்று, வெளியே வந்ததும் கையால் முகத்தைத் துடைக்காதீர்கள். கண்ணை இரண்டு முறை சிமிட்டினால் தண்ணீர் வழிந்துவிடும். துடைக்கிற பழக்கம் வந்துவிட்டால், பின்னால் கை எதையாவது பிடிக்கவோ தண்ணீரைத் தள்ளவோ வேண்டிய நேரத்தில் முகத்துக்குப் போய்விடும்.

என் மகள் குப்புற அழகாக மிதக்கிறாள். ஆனால் எழுந்து நிற்கப் போனால் தடுமாறித் தண்ணீர் குடிக்கிறாள். ஏன்?

மிதப்பதற்கு முன்பே சொல்லித்தர வேண்டிய பாடம் இது. பல இடங்களில் இதைத் தாண்டிவிட்டு நேராகக் கால் உதைக்கப் போய்விடுகிறார்கள். உங்கள் மகள் கால்களை நீட்டியபடியே தலையை மட்டும் தூக்குகிறாள் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்தால் முதுகு வளையுமே தவிர, பின்னால் மிதக்கும் கால்கள் தரைக்கு வராது.

முதலில் முழங்கால்கள் இரண்டையும் மார்புக்கு இழுக்க வேண்டும். கூடவே, முன்னால் நீட்டிய கைகளால் தண்ணீரைக் கீழே அழுத்த வேண்டும். இடுப்பு கீழே இறங்கும், உடல் நிமிரும். அப்போது தலையைத் தூக்கி, கால்களைச் சற்று அகட்டித் தரையில் ஊன்றலாம். நிலையாக நின்ற பிறகுதான் அடுத்த வேலை.

மல்லாக்க மிதக்கும்போது இது கொஞ்சம் வேறு மாதிரி. மோவாயை மார்பை நோக்கிக் கொண்டுவந்து, நாற்காலியில் உட்காருவதுபோல் இடுப்பை மடக்கி முழங்கால்களை இழுக்க வேண்டும். கைகள் தண்ணீரைப் பின்னாலிருந்து முன்னால் அள்ள வேண்டும். பலருக்கு இதுதான் சிரமம். மார்பளவுக்கு மேல் போகாத ஆழத்தில், சொல்லித்தருபவர் தண்ணீருக்குள் பக்கத்திலேயே நின்று தோளுக்கு அடியில் கை கொடுத்துப் பழக்கலாம். பிடியைப் படிப்படியாகத் தளர்த்துங்கள். சொல்லாமல் கையை எடுத்து ஏமாற்றக் கூடாது. ஒருமுறை நம்பிக்கை போனால் திரும்ப வர நாளாகும்.

நிற்க வந்துவிட்டால் மற்றதைக் கோத்துக்கொண்டே போகலாம்: சுவரை உதைத்து வழுக்கிப் போய் நிற்பது, குப்புற மிதந்து அப்படியே மல்லாக்கப் புரண்டு மூச்சு வாங்குவது, விளிம்பைக் கை மாற்றி மாற்றிப் பிடித்து ஏணிவரை நகர்வது. ஸ்ட்ரோக், அதாவது கை வீசிக் கால் உதைத்து நீந்தும் முறை, இதற்கெல்லாம் பிறகுதான்.

மல்லாக்கப் படுத்தால் என் கால் மட்டும் மூழ்குகிறது. என் உடம்பு கனமா?

காற்று நிறைந்த நுரையீரல் மார்பில் இருக்கிறது, கால்களில் எலும்பும் தசையும்தான். அதனால் பலருக்கும் கால் கீழே போகும். காதுகள் நனையும்வரை தலையைச் சாய்த்து, கைகளைத் தலைக்கு மேலே நீட்டிப் பாருங்கள். அப்படியும் இறங்கினால் லேசாக உதையுங்கள், அது தோல்வி இல்லை.

ஐந்து வயதுப் பையனுக்குக் காற்றடைத்த கைப்பட்டை வாங்கலாமா?

நான் வாங்க மாட்டேன். அது குழந்தையைச் செங்குத்தாகத் தொங்கவிடுகிறது, நீந்தப் படுக்கைவாட்டம் வேண்டும். தன்னால் மிதக்க முடிகிறது என்று குழந்தை நம்பிவிடுவது அதைவிட ஆபத்து, பட்டை இல்லாத நாளிலும் குதித்துவிடும். காற்று இறங்கலாம், கையிலிருந்து நழுவலாம். அது உயிர்காக்கும் சாதனமே அல்ல. பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில், போனைப் பார்க்காமல் இருக்க வேண்டும். மூழ்குகிற குழந்தை பெரும்பாலும் கத்தாது.

'ஆழத்தில் தூக்கிப் போட்டால் தானாகக் கற்றுக்கொள்வான்' என்கிறார் மாமனார். சரியா?

தவறு. அவன் கற்றுக்கொள்வது பயத்தை மட்டும்தான்.

பிள்ளைகள் யார் அதிக நேரம் மூழ்கியிருப்பது என்று போட்டி போடுகிறார்கள். பயம் போகட்டும் என்று விட்டுவிடலாமா?

உடனே நிறுத்துங்கள். குறிப்பாக, வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டு மூழ்குவதை. அப்படிச் செய்தால் கரியமில வாயு குறைந்து, மூச்சு வேண்டும் என்கிற தவிப்பு தாமதமாகும். அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தண்ணீருக்கடியில் மயக்கம் வரும். நன்றாக நீந்துபவர்களுக்கும் இது நடக்கும். விளையாட்டுதான் வேண்டுமென்றால், ஆழமில்லாத இடத்தில் வளையங்களைப் போட்டு, ஒரு மூச்சுக்கு ஒன்று என்று எடுக்கச் சொல்லுங்கள்.

புதிய குளத்தில் எப்படி இறங்குவது?

கண்ணை நம்பாதீர்கள். ஒளி விலகுவதால் 4 அடி ஆழம் மேலிருந்து பார்க்க 3 அடிபோல் தெரியும். விளிம்பில் எழுதியுள்ள ஆழத்தைப் படித்துவிட்டு, ஓரத்தில் உட்கார்ந்து, சுவர்ப்பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் ஊன்றிக் கால்களை முதலில் இறக்குங்கள். தலைகீழாகப் பாய்வது ஆழமில்லாத பகுதியில் யாருக்குமே கூடாது.