டிராவல் டிரெய்லர் இழுக்க பிக்அப் டிரக்கை எப்படித் தயார் செய்வது? ஹிட்ச் பால் மட்டும் போதுமா?

விளம்பரத் தாளில் 4,000 கிலோ இழுக்கும் என்று போட்டிருக்கிறது, பார்த்து வைத்திருக்கும் டிராவல் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடு) 2,400 கிலோதான், டிரெய்லர் வந்து உட்காரும் இரும்புக் குண்டான ஹிட்ச் பாலை மட்டும் மாட்டிக் கிளம்பிவிடலாமா என்று கேட்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் இடிக்கப்போவது அந்த 4,000 இல்லை, பேலோடு. அதாவது வண்டி தன் முதுகில் தாங்கக்கூடிய எடை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் அந்த எடை போட்ட ஒரு ஸ்டிக்கர் இருக்கும், இல்லாவிட்டால் கையேட்டைப் பாருங்கள்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். 2,400 என்பது காலி டிரெய்லர். கேஸ் சிலிண்டர், பேட்டரி, தண்ணீர், பாத்திரம், துணிமணி எல்லாம் ஏறினால் 3,000-ஐத் தொட்டுவிடும் (தண்ணீர் மட்டுமே லிட்டருக்கு ஒரு கிலோ). அதில் 10 முதல் 15 சதவீதம் பால் மேல் இறங்கும். 13 என்று வைத்தால் 390 கிலோ. குடும்பத்தில் நான்கு பேர் 260, டிரக்கையும் டிரெய்லரையும் இணைக்கும் ஹிட்ச் ஒரு 40. ஆக 690. உங்கள் ஸ்டிக்கரில் 700 என்று இருந்தால் மிச்சம் 10 கிலோ, அதற்குள் கூலர் பெட்டியை எங்கே வைப்பீர்கள்?

இதைச் சமாளிக்க, கனமான சாமானையெல்லாம் டிரெய்லரின் பின்பக்கம் தள்ளி பால் மேல் இறங்கும் எடையைக் குறைக்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். 10 சதவீதத்துக்குக் கீழே போனால் டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும், வேகம் கூடக் கூட ஆட்டமும் கூடும். எடை இடிக்கிறது என்றால் சின்ன டிரெய்லராகப் பாருங்கள், இல்லை பெரிய டிரக்காகப் பாருங்கள்.

கணக்கு சரியாக வருகிறது என்றால் அடுத்தது வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் ஹிட்ச். பால் இருப்பது பின் அச்சுக்கும் பின்னால், அங்கே 390 கிலோ அழுத்தினால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும், ஸ்டீயரிங் லேசாகிவிடும். இந்த ஹிட்ச்சின் இரண்டு கம்பிகள் அந்த எடையில் ஒரு பங்கை முன் அச்சுக்கும் இன்னொரு பங்கை டிரெய்லரின் அச்சுக்கும் திருப்பி அனுப்பும். சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒரு டேப் போதும். டிரெய்லர் மாட்டாமல், தரையிலிருந்து முன் சக்கர வளைவின் விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். 90 செ.மீ. என்று வையுங்கள். கம்பிகளை மாட்டாமல் டிரெய்லரை மட்டும் இறக்கினால் 94 ஆகலாம். கம்பிகளை இறுக்கிய பிறகு குறைந்தது பாதியாவது, அதாவது 92-க்காவது இறங்க வேண்டும். சரியாக எவ்வளவு என்று டிரக் கையேட்டில் இருக்கும், அதுதான் முடிவு. 90-க்கும் கீழே போகும்படி இறுக்க வேண்டாம், பின் சக்கரத்தில் பிடிப்பு குறைந்துவிடும். முடிந்தால் சாமானும் ஆட்களும் ஏறியபின் ஒரு எடைமேடையில் ஏற்றி ஒவ்வொரு அச்சையும் பார்த்துவிடுங்கள்.

டிரக்கில் இருந்தபடி டிரெய்லரின் பிரேக்கை இயக்கும் கருவியான பிரேக் கன்ட்ரோலர் வாங்கும்போது, டிரக் எவ்வளவு அழுத்தமாக நிற்கிறதோ அதற்கேற்ப டிரெய்லரையும் நிறுத்தும் புரோபோர்ஷனல் வகையையே வாங்குங்கள், மலிவு வகை என்னைப் பொறுத்தவரை வேண்டவே வேண்டாம். ஆளில்லாத சாலையில் 40 கி.மீ. வேகத்தில் கன்ட்ரோலரின் கை லீவரை மட்டும் அழுத்திப் பார்த்து, பிரேக்கின் வலுவை டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவுக்குச் சற்றுக் கீழே வையுங்கள். சாலையில் டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் உதவப்போவதும் இந்த லீவர்தான்: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், டிரக் பிரேக்கை மிதிக்காமல் லீவரை மட்டும் மெதுவாக அழுத்துங்கள்.

அப்புறம் கிளம்பும் முன். பாலைக் கவ்விப் பிடிக்கும் டிரெய்லரின் முன்முனையான கப்ளரைப் பூட்டியதும் ஜாக்கால் டிரெய்லரின் முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கள், டிரக்கின் பின்பக்கமும் கூடவே எழுந்தால் பால் உள்ளே பிடித்திருக்கிறது. டிரெய்லரை டிரக்கோடு பிணைக்கும் சங்கிலிகளைக் குறுக்காகப் போடுங்கள், கழன்றால் கப்ளர் தரையில் குத்தாமல் அவற்றின் மேல் விழும். டிரெய்லர் கழன்றுபோனால் அதன் பிரேக்கைத் தானாகப் போடவைக்கும் பிரேக்அவே கேபிளை சங்கிலியிலோ பாலிலோ மாட்டாமல் டிரக்கின் உடம்போடு சேர்ந்த இடத்தில் மாட்டுங்கள். டயர் காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள், டிரெய்லர் டயரில் நிறைய வகைக்கு வேக வரம்பு மணிக்கு 105 கி.மீ. அளவில்தான். சக்கரம் புதிதாக மாட்டியது என்றால் முதல் 80 கி.மீ. ஓடியதும் ஓரம் கட்டி நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.