கோப்பையில் எழுதிய பெயர்

வணக்கம் ஐயா,

லீட்ஸ் நகரில் பதினோரு வருடங்களாக இருக்கிறேன். கணக்குத் தணிக்கை வேலை. என் மகன் இங்கே ஒரு சின்ன ரக்பி கிளப்பில் ஆடுகிறான். அவனோடு ஆடும் ஒரு பையனின் அப்பா போன வருடம் மோட்டார் நியூரான் நோயில் (நரம்புகள் பழுதாகித் தசைகள் மெல்ல மெல்லச் செயலிழக்கும் நோய்) இறந்துவிட்டார். அவரும் அந்தக் கிளப்பில் ஆடியவர்தான். அவர் பெயரில் நினைவுப் போட்டி நடத்தி நிதி திரட்டப் போகிறார்கள். என்னைப் பொருளாளராக இருக்கச் சொல்கிறார்கள். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. வைத்தியம் இலவசமாகக் கிடைக்கும் நாட்டில் எதற்கு வசூல்? இதே பணத்தில் நம்மூரில் பத்துக் குழந்தைகளைப் படிக்க வைக்கலாம். இந்த ஆட்டமே நோய்க்குக் காரணம் என்றும் சொல்கிறார்கள். அப்படியானால் இது பாவத்துக்குப் பரிகாரம்தானே? ஏற்றுக்கொள்ளலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் லீட்ஸ் என்ற பெயரைப் பார்த்ததும் மற்ற கடிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டேன். கொஞ்ச நாட்களாகவே அந்த ஊர் என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2023 மே மாதம் உங்கள் ஊர் மாரத்தானில் முன்னாள் ரக்பி வீரர் கெவின் சின்ஃபீல்டு, இதே நோயால் முடங்கிய தன் பழைய அணித்தோழர் ராப் பரோவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டே 42 கிலோமீட்டர் ஓடினார். முடிவுக்கோடு நெருங்கியதும் நின்றார். குனிந்து பரோவை இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டினார். பதினோரு வருடமாக அங்கே இருக்கிறீர்களே, அன்றைக்கு எங்கே இருந்தீர்கள்?

பத்துக் குழந்தைகள் கணக்கை முதலில் எடுத்து ஓரமாக வைத்துவிடுகிறேன். அந்தக் குழந்தைகளுக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் அனுப்புகிறீர்கள் என்றால் ரொம்ப நல்லது, தொடர்ந்து அனுப்புங்கள். ஆனால் முன்னால் ஓர் உண்டியல் நீளும்போது மட்டும் நம்மூர்க் குழந்தைகள் ஞாபகத்துக்கு வருவது நல்ல பழக்கம் இல்லை. இலவச வைத்தியம் என்கிறீர்கள். கொடுப்பதற்கு மருந்து வேண்டாமா? இந்த நோய்க்கு ரிலுசோல் என்ற மருந்து 1990களில் வந்தது. அது ஆயுளைச் சில மாதங்கள் நீட்டும், அவ்வளவுதான். பெரும்பாலான நோயாளிகளுக்கு அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளும்படி எதுவும் வரவில்லை. ஸ்காட்லாந்துக்காக 61 ரக்பி ஆட்டங்கள் ஆடிய டோடி வியருக்கு 2016 கடைசியில் இந்த நோய் என்று தெரிந்தபோது அவரைக் கோபப்படுத்தியது இதுதான்.

ஆட்டமே காரணமா என்ற கேள்வியை மதிக்கிறேன். ஸ்காட்லாந்தின் முன்னாள் சர்வதேச வீரர்கள் 412 பேரை வைத்து கிளாஸ்கோவில் செய்த ஆய்வு 2022இல் வந்தது. மற்றவர்களைவிட அவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 15 மடங்கு என்றது. நோய் வந்தவர்களின் எண்ணிக்கை சிறியது, அதனால் அந்த எண்ணை நிதானமாகத்தான் கையாள வேண்டும். சரி, உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ரக்பிக்காரர்கள் இன்னும் அதிகமாக அல்லவா கொடுக்க வேண்டும்? நீங்கள் ஒதுங்கிக்கொள்ள அது எப்படிக் காரணமாகும்?

நான் சொல்ல நினைப்பது வேறு. வியர் ஆறரை அடி உயரம், பரோ ஐந்தரை அடிகூட இல்லை. ஒருவர் ரக்பி யூனியன், மற்றவர் ரக்பி லீக். 1895இல் பிரிந்துபோன இரண்டு ஆட்டங்கள், ஒன்றையொன்று அண்டவிடாத இரண்டு கூட்டங்கள். இந்த நோய் விஷயத்தில் ஒன்றாக நின்றார்கள். வியர் தன் அறக்கட்டளையை 2017இல் தானே தொடங்கினார். செத்த பிறகு ஊர் கூடித் தொடங்கியது இல்லை. பரோவுக்காக 2020 டிசம்பரில் ஏழு நாளில் ஏழு மாரத்தான் ஓடிய சின்ஃபீல்டு வைத்த இலக்கு 77,777 பவுண்டு. பரோவின் சட்டை எண் 7. இருபது லட்சம் பவுண்டுக்கு மேல் வந்தது. 2024 ஜூன் 2 அன்று பரோ போய்விட்டார், வயது 41. அவர் பெயரில் வரவிருந்த சிகிச்சை மையத்தின் கட்டட வேலை மறுநாளே தொடங்கியது. தள்ளிப்போட்டிருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தக் குடும்பம் தள்ளிப்போடவில்லை.

இவ்வளவு நல்ல மனிதர்கள் இருக்கும் இடத்திலும் ஒரு தப்பு நடந்தது. 2018 நவம்பரில் கார்டிஃபில் வேல்ஸும் ஸ்காட்லாந்தும் ஆடிய ஆட்டத்துக்கு டோடி வியர் கோப்பை என்று பெயர் வைத்தார்கள். அவர் பெயரைச் சொல்லி நடக்கும் ஆட்டம். ஆனால் அதன் வருமானத்தில் அவருடைய அறக்கட்டளைக்குப் பங்கு இல்லை என்பது ஆட்டத்துக்கு முன்பே வெளியே தெரிந்துவிட்டது. ரசிகர்கள் கொதித்தார்கள். அதற்கப்புறம்தான் இரண்டு நாட்டு ரக்பி சங்கங்களும் ஆறு இலக்கத் தொகை தருவதாக அறிவித்தன. கெட்ட எண்ணம் யாருக்கும் இருந்திருக்காது. கெட்ட எண்ணம் இல்லாமலே இது நடந்துவிடும், எனக்குத் தெரியும்.

1994இல் எங்கள் வாலிபால் குழுவில் ஒருவன் லாரி மோதி இறந்தான். எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து நண்பன். அடுத்த மே மாதம் அவன் பெயரில் சுழற்கோப்பைப் போட்டி வைத்தோம். ரசீது புத்தகமும் கணக்கு நோட்டும் என் கையில். கடைத்தெருவில் யாரும் முகம் சுளிக்கவில்லை, அவன் பெயரைச் சொன்னதுமே ஐம்பதும் நூறுமாகக் கொடுத்தார்கள். பந்தல், மைக் செட், வெளியூர் அணிகளுக்குச் சாப்பாடு, நடுவர்களுக்குப் பணம், கோப்பை. அவன் மனைவியை மேடையில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்தினோம். அவனுடைய ஐந்து வயது மகன் காலையிலிருந்து கோப்பைப் பக்கத்திலேயே நின்று, அதில் வெட்டியிருந்த அப்பா பெயரைத் தடவிக்கொண்டிருந்தான். சாயங்காலம் ஜெயித்த அணி கோப்பையை வேனில் ஏற்றியபோது, “அப்பா கோப்பைய ஏம்மா அவங்க எடுத்துட்டுப் போறாங்க?” என்று கேட்டான். அம்மா அவன் வாயைப் பொத்தினார். செலவு போக நோட்டில் மீதி 212 ரூபாய். அதில் நாங்கள் டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டோம்.

அடுத்த மாதம் அந்தப் பையனைப் பள்ளியில் சேர்க்க அவர் கம்மலை அடகு வைத்திருக்கிறார். பல வருடம் கழித்து வேறு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெளியூர் அணிகளுக்கு மூன்று வேளை சோறு போட்டவர்கள் நாங்கள். அந்த வீட்டுக்கு என்ன வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நோட்டு என்னிடம் இருந்தது. நான்தான் கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே, கணக்குத் தெரிந்த நீங்கள் தயங்கக் கூடாது. இன்றைக்கே சரி என்று சொல்லுங்கள். ஆனால் துண்டறிக்கை அடிப்பதற்கு முன்னால் அந்த அம்மாவைப் போய்ப் பாருங்கள். அவர் கணவர் பெயரில் சேரும் பணம் எதற்குப் போக வேண்டும் என்று அவரே சொல்லட்டும். நோய் ஆராய்ச்சிக்கா, வீட்டுக்கா, பையனுடைய படிப்புக்கா, எதுவானாலும் சரி. ஒரு பவுண்டில் எத்தனை பென்ஸ் அங்கே போகிறது என்பதை டிக்கெட்டிலேயே அச்சடியுங்கள். மைதானச் செலவுக்கு ஊர்க் கடைக்காரர்களைத் தனியாகப் பிடியுங்கள், டிக்கெட் பணத்தில் கை வைக்காதீர்கள்.

அப்புறம் அந்தப் பையன். 2017 நவம்பரில் எடின்பரோவின் மரேஃபீல்டு மைதானத்தில் நியூசிலாந்துடன் நடந்த ஆட்டத்துக்கு முன்னால் வியர் தன் மூன்று மகன்களோடு பந்தை மைதானத்துக்குள் கொண்டுவந்தார். உங்கள் போட்டியிலும் பந்தை அந்தப் பையனே கொண்டுவரட்டும். கோப்பை செய்வதாக இருந்தால் இரண்டாகச் செய்யுங்கள். ஒன்று அவன் வீட்டில் இருக்க வேண்டும்.