சென்னைக்குப் போனால்தான் எழுத முடியுமா?

கேள்வி: ரசனை, தொழில்நுட்பம், மாறிவரும் பழக்கவழக்கங்கள் பற்றியெல்லாம் எழுத ஆசை. ஆனால் நான் இருப்பது மதுரைப் பக்கம் திருமங்கலத்தில். இங்கே எழுத என்ன இருக்கிறது? வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடலாமா?
– ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: வேலையை விடாதீர்கள். இந்த மாதிரிக் கட்டுரைக்குக் கிடைக்கும் காசில் பெங்களூரில் வாடகை கட்ட முடியாது.

எழுத என்ன இருக்கிறது என்கிறீர்கள். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று மதுரை முழுக்க ஃபிளெக்ஸ் நிற்கிறதே! அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கிண்டல்தான் செய்கிறார்கள். கிண்டல் இரண்டு பத்தியில் தீர்ந்துவிடும். நீங்கள் ஒரு ஃபிளெக்ஸ் கடையில், டிசைனர் பக்கத்தில் ஒரு சாயங்காலம் உட்காருங்கள். தாய்மாமன் படம் எவ்வளவு பெரிதாக வரவேண்டும், எந்தப் பங்காளி பெயர் மேலே, எது கீழே என்ற பஞ்சாயத்தெல்லாம் அந்தத் திரைக்கு முன்னால்தான் நடக்கும். சதுர அடிக்கு இவ்வளவு என்று காசு. பத்தடி மெஷினில் அதைவிட அகலமாக வேண்டுமென்றால் ஒட்டுப் போட வேண்டும். அந்த ஒட்டு யார் முகத்திலும் விழக்கூடாது. முன்பு தூரிகையால் போர்டு எழுதிய ஆர்ட்டிஸ்ட் ஒவ்வொருவருக்கும் தனி 'ழ' இருந்தது. இப்போது ஊருக்கே நாலைந்து எழுத்துருதான். அந்த ஆர்ட்டிஸ்ட்களையும் தேடிப் பிடித்துப் பேசுங்கள்.

இப்போது ஏஐ வேறு வந்துவிட்டது. இறந்துபோன அப்பா மகள் கல்யாண பேனரில் நின்று ஆசி வழங்குகிறார். அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வைகையில் இறங்குகிறார் என்று பார்க்கத்தான் சித்திரையில் அவ்வளவு ஜனம் காத்துக் கிடக்கிறது. பச்சை என்றால் நாடு செழிக்கும் என்று நம்பிக்கை. திருவிழா பேனருக்கு ஏஐயில் அழகர் படம் செய்தால், அவர் கிளம்பும் முன்பே யாரோ ஒரு நிறத்தை முடிவு செய்தாக வேண்டும். யார் செய்தது, என்ன யோசித்துச் செய்தார்? இந்தக் கேள்வி வெளியூர்க்காரருக்குத் தோன்றவே தோன்றாது.

இது முடிந்ததும் மதுரைச் சுங்குடிச் சேலைக்குப் போங்கள். அதில் இருப்பவை சௌராஷ்டிரர்கள் நூலால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த புள்ளிகள். 2005-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் கடையில் நிறைய இருப்பது மெழுகு அச்சும் ஸ்கிரீன் பிரிண்டும்தான்.

ஒன்று மட்டும்: கண்ணீர் அஞ்சலி பேனரைப் படமெடுத்துப் போடுவதானால், அந்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.