உவர் நீர் விட்ட நாற்றில் இரண்டு பட்டை: மாதிரியை எறியாதீர்கள்

வணக்கம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் நெல் நாற்றுக்கு உவர் நீர் விட்டு, எஸ்ஆர் புரத (ஆர்என்ஏயை வெட்டி ஒட்டுவதில் உதவும் புரதம்) மரபணு ஒன்றுக்கு ஆர்டி-பிசிஆர் (ஆர்என்ஏயை டிஎன்ஏயாக மாற்றிப் பெருக்கும் முறை) செய்தபோது, ஜெல்லில் வழக்கமான பட்டைக்கு மேலே இன்னொரு பட்டை வந்ததாக எழுதியிருந்தீர்கள். மாதிரி பழுதென்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

முதலில் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்என்ஏயை டிஎன்ஏயாக மாற்றும் நொதி) சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழாயை ஓட்டுங்கள். அதிலும் அந்தப் பட்டை வந்தால் டிஎன்ஏ கலந்திருக்கிறது. டிஎன்ஏஸ் (டிஎன்ஏயைச் சிதைக்கும் நொதி) போட்டுத் திரும்பச் செய்யுங்கள். அந்தக் கட்டுப்பாட்டுக் குழாயில் வராவிட்டால் இன்ட்ரோன் (ஆர்என்ஏயிலிருந்து வழக்கமாக வெட்டி நீக்கப்படும் துண்டு) ஒன்று வெட்டப்படாமல் தங்கியிருக்க நல்ல வாய்ப்புண்டு. விலங்குகளில் எக்சோன் தவிர்ப்பு (வழக்கமாகத் தங்கும் துண்டு விடுபட்டுப்போவது) அதிகம். தாவரங்களிலோ இன்ட்ரோன் தங்குவதுதான் அதிகம். எங்கே வெட்டுவது என்று ஸ்பிளைசோசோமுக்கு (ஆர்என்ஏயை வெட்டி ஒட்டும் செல் இயந்திரம்) காட்ட உதவுபவை இந்த எஸ்ஆர் புரதங்கள். அராபிடோப்சிஸ் என்ற ஆய்வுச் செடியில் இவை 18 உண்டு. உவர், வெப்பம் போன்ற நெருக்கடிகளில் அவற்றின் சொந்த ஆர்என்ஏயே வேறுவிதமாக வெட்டப்படும். அழகான விசயம் இது! அப்படி நீண்ட ஆர்என்ஏயில் பெரும்பாலும் நிறுத்தக் குறியீடு (புரத உருவாக்கத்தை முடிக்கும் குறி) முன்கூட்டியே வந்துவிடும், முழுப் புரதம் உருவாகாது.

சரி, பிரைமர்களுக்கு (பெருக்க வேண்டிய பகுதியின் இரு முனைகளைக் குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) இடையில் பல இன்ட்ரோன் இருந்தால் நீள வித்தியாசத்தைப் பாருங்கள். ஒரேயொரு இன்ட்ரோன் அளவுதான் என்றால் அது டிஎன்ஏ அல்ல. அப்புறம் அந்தப் பட்டையை ஜெல்லிலிருந்து வெட்டியெடுத்து வரிசைப்படுத்த அனுப்புங்கள். உவர் விடாத நாற்றையும் அதே ஜெல்லில், பக்கத்திலேயே ஓட்டுங்கள்.