இனிஷியல்தானே? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மூன்று வருடமாக இதழ்களுக்கு எழுதி வருகிறேன். எங்கும் வேலையில் இல்லை, கட்டுரைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு எழுதுகிறவள். எங்கள் பக்கத்தில் மிச்சமிருக்கும் சுண்ணாம்புக் காளவாய்களைப் பற்றி இரண்டு மாதம் அலைந்து எழுதிய கட்டுரை ஒரு மாத இதழில் வெளியானது. அம்மா, அப்பா இருவரின் இனிஷியலையும் சேர்த்துத்தான் எப்போதும் எழுதுவேன். இதழில் இரண்டுமே இல்லை. இனிஷியல் இல்லாத அதே பெயரில் எனக்கு முன்பிருந்தே எழுதிவரும் ஒருவர் இருக்கிறார், கட்டுரைக்குப் பக்கத்தில் அவருடைய புகைப்படத்தையே போட்டுவிட்டார்கள். இணையதளத்திலும் பெயரைத் தொட்டால் அவருடைய பக்கத்துக்குத்தான் போகிறது. பேட்டி கொடுத்த பாட்டியிடம் இதழைக் கொண்டுபோய்க் காட்டினேன். "இது யாரு, நீ இல்லையே" என்றார். உதவி ஆசிரியருக்கு போன் செய்தேன். "இனிஷியல்தானேம்மா, அடுத்த கட்டுரைல சரியா போட்டுடலாம்" என்றார். மேலே பேசினால் அடுத்த கட்டுரையே இல்லாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. விட்டுவிடவா?

(பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள தோழிக்கு,

விட்டுவிடாதீர்கள். பாட்டி கேட்ட கேள்வியைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. உங்களை நம்பித்தானே அவர் தன் வாழ்க்கையைச் சொன்னார்.

'இனிஷியல்தானே' என்று ஒரு இதழில் இருப்பவர் சொல்லக் கூடாது. நம்மில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, வகுப்பில் மூன்று செல்வி இருந்தால் எஸ். செல்வி, கே. செல்வி என்று இனிஷியலை வைத்துத்தான் ஆளைப் பிரித்தோம். அதை எடுத்துவிட்டால் உங்கள் விஷயத்தில் ஆளே மாறிவிடுகிறது, மாறியும்விட்டது.

யாரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். நானும் சில வருடம் உதவி ஆசிரியராக இருந்தவன். பழைய பக்கத்தின் மேலேயே புதுக் கட்டுரையை ஓட்டுவார்கள், படமும் பெயரும் பழையபடியே தங்கிவிடும். இணையதளத்தில் எழுத்தாளர் பட்டியலில் பெயரைத் தேடி முதலில் வருவதைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். கட்டுரையை வரிவரியாகத் திருத்துகிறவர்கள்கூட தலைப்புக்குக் கீழே இருக்கும் பெயரைப் படிப்பதில்லை. அதனால் கோபம் வேண்டாம், ஆனால் போனோடு நிறுத்தவும் வேண்டாம். போனில் சொன்னது அந்த வார வேலையில் காணாமல் போய்விடும்.

ஆசிரியருக்கே மெயில் எழுதுங்கள், உதவி ஆசிரியருக்கு ஒரு நகல் போகட்டும். கட்டுரையை அனுப்பிய பழைய மெயிலுக்கே பதிலாக அதை அனுப்பினால் எழுதியது யார் என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. இணையப் பக்கத்தைத் திருத்த சில நிமிடம் போதும், அதை உடனே செய்யச் சொல்லுங்கள். அச்சில் அடுத்த இதழிலேயே திருத்தம் வர வேண்டும். 'கட்டுரையாளர் பெயர் தவறாக இடம்பெற்றுவிட்டது, வருந்துகிறோம்' என்று மட்டும் போட்டு, சரியான பெயரைச் சொல்லாமலே முடித்துவிடுகிற வழக்கம் உண்டு, அதற்கு இடம் கொடுக்காமல் வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்: 'சென்ற இதழில் வெளியான சுண்ணாம்புக் காளவாய் கட்டுரையை எழுதியவர்' என்று தொடங்கி, இனிஷியலோடு உங்கள் முழுப் பெயர், பக்க எண், புகைப்படமும் தவறு என்கிற ஒரு வரி. அப்புறம் ஒன்று, பெயரைக் குழப்பியவர்கள் கணக்கிலும் குழப்பியிருக்கலாம். பணத்தில் வரி பிடித்திருந்தால் அது உங்கள் பான் எண்ணில்தான் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம்தான். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, பதிப்புரிமையை எழுதிக் கொடுத்துவிட்ட பிறகும்கூட 'இதை எழுதியது நான்' என்று கோரும் உரிமை எழுதியவருக்கு உண்டு என்கிறது. நீங்கள் அந்த இதழின் ஊழியர் இல்லை, கையெழுத்துப் போட்டு உரிமையை மாற்றிக் கொடுத்திருக்காவிட்டால் பதிப்புரிமையே உங்களுடையதுதான். இதை மெயிலில் எழுத வேண்டாம். நீங்கள் கேட்பது சலுகை அல்ல என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும், மெயிலின் தொனி தானாக நிமிர்ந்துவிடும்.

அந்த இன்னொரு எழுத்தாளருக்கும் எழுதுங்கள். தான் எழுதாத கட்டுரைக்குப் பாராட்டு வருவது அவருக்கும் சங்கடம்தான். அவரே ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் வேலை சீக்கிரம் முடியும். அவரிடம் பேசாமல் பொதுவெளியில் எழுதிவிடாதீர்கள், நான்கு பேர் அவரைத் திருடி என்று சொல்லிவிடுவார்கள்.

நான் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆரம்ப நாட்களில் என் கட்டுரை ஒன்று வேறொருவர் பெயரில் வந்தது. உங்களுக்கு இருக்கும் அதே பயத்தில் வாயைத் திறக்கவில்லை. பல வருடம் கழித்து அதை என் தொகுப்பில் சேர்த்தபோது ஒரு ஆய்வு மாணவர் பழைய இதழின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி, இன்னொருவர் கட்டுரையை ஏன் சேர்த்தீர்கள் என்று கேட்டார். அவர் மேல் தப்பே இல்லை. கையால் எழுதித் தபாலில் அனுப்பியது, என்னிடம் நகலும் இல்லை. அன்றைக்கு நான் பட்ட அவமானத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. சென்னையில் ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய இதழ்களைப் புரட்டுகிறவருக்கு அச்சில் இருக்கும் பெயர்தான் சாட்சி. ஷெல்லிதாசன் என்றும் காளிதாசன் என்றும் பாரதி எழுதியவற்றை, பெயரே இல்லாமல் எழுதியவற்றை, சீனி. விசுவநாதன் போன்றவர்கள் எத்தனை வருடம் தேடித் தொகுத்தார்கள்! நமக்காக அப்படித் தேட யார் வரப்போகிறார்கள்? அடுத்த இதழில் ஒரு திருத்தம் இருந்தால், தேடுகிறவர் கண்ணில் அதுவாவது படும்.

பயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நான் இருந்த இடத்தில் கட்டுரையைத் தாமதமாகத் தந்தவர்களை ஒதுக்கியிருக்கிறோம், தகவல் தப்பாகத் தந்தவர்களை ஒதுக்கியிருக்கிறோம். பெயரைத் திருத்தச் சொல்லி மரியாதையாக எழுதியவர் யாரையும் ஒதுக்கியதாக நினைவில்லை. அடுத்த தடவை அவர் பெயரைக் கூடுதல் கவனத்தோடுதான் பார்த்தோம்.

பத்து நாளில் பதில் வராவிட்டால் அதே மெயிலை மறுபடி அனுப்புங்கள். எழுதும்போது கை தயங்கினால் முதலில் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.