ஓட்டுரிமை சும்மா வந்ததல்ல

கோத்தகிரி சகோதரிக்கு வணக்கம். மகளின் பேச்சுப்போட்டித் தாளில் "இந்தியப் பெண்களுக்கு ஓட்டு போராடாமலே கிடைத்தது" என்று திருத்திக் கொடுத்திருக்கிறார்கள், அது சரியா என்று கேட்டிருந்தீர்கள். அந்தத் திருத்தம் தவறு, ஏற்காதீர்கள். 1917 டிசம்பரில் சென்னை வந்த, பிரிட்டிஷ் அரசில் இந்தியாவுக்கான அமைச்சராக இருந்த மாண்டேகுவை சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் நேரில் சந்தித்து ஓட்டுரிமை கேட்டார்கள். 1921-ல் சென்னை மாகாண சட்டசபை இணங்கியது, மற்ற மாகாணங்களுக்கு முன்பே. ஆனால் சொத்தோ வரியோ இருந்தவர்களுக்குத்தான். அன்று உங்கள் மலையில் கூலிக்குக் கொழுந்து பறித்த பெண்ணின் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏற வழியே இல்லை. இதை உங்கள் மகள் கட்டாயம் பேச வேண்டும். 1951-52 முதல் பொதுத்தேர்தலில்கூட, சொந்தப் பெயரைச் சொல்லாமல் 'இன்னாரின் மனைவி' என்றே பதிந்த சுமார் 28 லட்சம் பெண்கள், பெரும்பாலும் வட மாநிலத்தவர், பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். நேரம் குறைவென்றால் கூலிப் பெண்ணுக்கு ஓட்டில்லாதது, 28 லட்சம் பெண்கள் நீக்கப்பட்டது, இந்த இரண்டை மட்டும் விரித்துப் பேசட்டும்.